கண்டி வாவியைச் சுற்றி

மலைநாட்டின் தலைநகராக விளங்கிய கண்டி மாநகரின் நடுவே, குன்றுகள் சூழ்ந்து காவல் நிற்க, ஓர் அழகிய வாவி அமைந்திருக்கிறது. நகரைக் காண வருவோர் பெரும்பாலும் தலதா மாளிகையைத் தரிசித்துவிட்டு, பேராதனைப் பூந்தோட்டத்தையும் பார்த்துக்கொண்டு, அன்று மாலையே திரும்பிவிடுகின்றனர். வாவியை வாகனத்தின் பலகணி வழியே கண்டதோடு அவர்கள் மனநிறைவு கொள்கின்றனர். ஆயின் ஒரு வாவியின் வரலாறும் வாழ்வும் அதன் கரையில் நடப்பவர்க்கே புலப்படும்.

இவ்வாவியைச் சுற்றிய பாதை ஏறக்குறைய இரண்டு மைல், அதாவது மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். மலைநாட்டிலே இத்தனை தூரம் ஏற்ற இறக்கமின்றி நடக்க வாய்ப்பது அரிது. முதியவர்களும், கைப்பிடித்து நடக்கும் சிறுவர்களும், குழந்தையை இடுப்பில் ஏந்திய தாய்மாரும் களைப்பின்றிச் சுற்றி வரலாம். விரைந்து நடப்பவர்க்கு முக்கால் மணி நேரம் போதும். நின்று நின்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளோடு செல்பவர்க்கு ஒன்றரை மணி நேரமும் ஆகும். கட்டணம் கிடையாது. விடியற்காலையும், வெயில் தாழ்ந்த பின் மாலையும் உகந்த வேளைகள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பிற்பகல் இடிமழை வருவதால், அக்காலத்தில் காலை நடையே நலம். கரையை ஒட்டி ஓடும் வீதியில் வாகனங்கள் மிகுதி. ஆதலின் பிள்ளைகளை வீதிப் பக்கம் விடாது, நீர்ப் பக்கத்திலும் ஓட விடாது, பெரியவர்கள் கையைப் பற்றி அழைத்துச் செல்லுதல் வேண்டும்.

ஒரு குடும்பம், மேற்கே உள்ள அணைக்கட்டிலிருந்து நடையைத் தொடங்குவதாகக் கொள்ளலாம். கோயிலை வலம் வருவது போல வாவியை வலக்கைப் பக்கமாகக் கொண்டு நடந்தால், முதலில் வட கரையும், பின் கிழக்கு முனையும், இறுதியில் தென் கரையுமாகச் சுற்று முடியும்.

அணைக்கட்டின்மீது நிற்கும்போதே ஓர் உண்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம். இவ்வாவி இயற்கையாக உண்டானதன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இங்கே நெல் வயல்களே இருந்தன. திகொல் வெல என்று அவ்வயல்வெளியைச் சிங்கள மக்கள் அழைத்தனர். கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1807 ஆம் ஆண்டளவில், அவ்வயல்களுக்குக் குறுக்கே அணை கட்டுவித்து நீரைத் தேக்கினான். மன்னன் மாளிகையிலிருந்து எதிர்க்கரையிலுள்ள மல்வத்தை விகாரைக்குச் செல்வதற்கு அந்த அணையே பாதையாகவும் அமைந்தது. தென்னிந்திய நாயக்கர் மரபில் வந்த இம்மன்னனின் இயற்பெயர் கண்ணுசாமி என்பதும், 1798 இல் அரியணை ஏறியபோது அவனுக்கு வயது பதினெட்டளவே என்பதும் தமிழ் மக்கள் நினைவிற் கொள்ளத்தக்கவை.

மன்னன் தன் வாவிக்கு இட்ட பெயர் கிரி முகுத. தமிழில் இதனைப் பாற்கடல் எனலாம். பாற்கடல் என்ற சொல்லைக் கேட்டதும் திருமால் பள்ளிகொண்ட கடலும், தேவரும் அசுரரும் அமுதம் வேண்டிக் கடைந்த கடலும் தமிழர் மனத்தில் எழுதல் இயல்பு. தன் நகரைத் தேவருலகின் சாயலில் அமைக்க வேண்டுமென்பதே மன்னனின் எண்ணம். அதனாலேயே கரையை ஒட்டி எழுப்பிய மதிலும் முகில் வரிசை போல வளைந்து வளைந்து செல்கிறது. வலாகுளு பம்ம, அதாவது முகில் மதில், என்பது அதன் பெயர். மதிலெங்கும் முக்கோண வடிவான சிறு மாடங்கள் உள்ளன. அவை அகல் விளக்கு வைப்பதற்காக அமைக்கப்பட்டவை. இப்பணிகளுக்கெல்லாம் சிற்பியாக இருந்தவன் தேவேந்திர மூலாச்சாரி. தலதா மாளிகையின் முகப்பில் எண்கோண வடிவில் விளங்கும் பத்திரிப்புவவும் அவன் கைவண்ணமே.

அழகிய இவ்வாவிக்கு ஒரு கண்ணீர்க் கதையும் உண்டு. அக்காலத்தில் மக்கள் அரசனுக்குக் கூலியின்றி உழைக்கும் இராஜகாரிய முறை நிலவியது. அம்முறையின்படியே ஆயிரமாயிரம் பேர் ஊர்களிலிருந்து அழைக்கப்பட்டு மண் சுமந்தனர். தத்தம் வயல்களை விட்டு வந்து, பிறர் வயல்களை நீரில் ஆழ்த்த வேண்டிய நிலைமை அவர்களுக்கு. இதனை மறுத்துப் பேசிய ஊர்த் தலைவர்கள் நூறு பேரை மன்னன் வாவிப் படுகையிலேயே கழுவேற்றினான் என்று செவிவழிச் செய்தி கூறுகிறது. அது எவ்வளவு உண்மையோ, எவ்வளவு பின்னாளில் சேர்ந்ததோ, மக்கள் மனத்தில் அப்பணி ஆறாத வடுவாக நின்றதென்பதை அக்கதையே காட்டுகிறது.

முகில் மதில் முற்றுப்பெறவில்லை. 1815 ஆம் ஆண்டு பெப்ரவரி 18 ஆம் நாள் மன்னன் மெதமகாநுவரைப் பக்கத்தில் பிடிபட்டான். மார்ச் 2 ஆம் நாள் கண்டி உடன்படிக்கை கையொப்பமாகி, நாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. மன்னன் தமிழ்நாட்டின் வேலூர்க் கோட்டையிலே சிறைவைக்கப்பட்டு, 1832 ஆம் ஆண்டு ஜனவரி 30 ஆம் நாள் அங்கேயே உயிர்நீத்தான். பாலாற்றங்கரையிலே அவனுடைய சமாதி இருக்கிறது. தான் வெட்டிய வாவியின் கரையில் எட்டு ஆண்டுகளே அவன் வாழ்ந்தான் எனலாம். மக்களை வருத்திய இராஜகாரிய முறையும் அதே 1832 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது வரலாற்றின் விந்தை.

இவ்வளவையும் அணைக்கட்டிலே நின்று கேட்ட பிள்ளைகள், வட கரையில் நடக்கத் தொடங்கியதும் மதிலின் மாடங்களை எண்ணத் தலைப்படுவர். மாளிகையின் முன்னே வாகனங்களின் இரைச்சல் இல்லை. 1998 ஆம் ஆண்டு ஜனவரி 25 ஆம் நாள் இங்கே நிகழ்ந்த குண்டுத் தாக்குதலில் உயிர்கள் மாய்ந்தன, மாளிகையும் பெருஞ்சேதமுற்றது. அதன் பின்னரே இவ்வழியில் வாகனங்கள் தடைசெய்யப்பட்டன. சேதமுற்ற மாளிகை செப்பனிடப்பட்டு, பழைய பொலிவைப் பெற்றிருக்கிறது. இன்று அவ்விடத்தின் அமைதியில் நடப்போர், அந்த அமைதிக்கு மக்கள் கொடுத்த விலையையும் சற்றே எண்ணிப் பார்த்தல் தகும்.

மாளிகையைக் கடந்ததும் நீரிலே கால் வைத்தாற்போல ஒரு கட்டடம் தோன்றும். உல்பென்கே என்னும் அது அரசியர் நீராடுவதற்கென அமைந்த மண்டபம். வாவியின் நடுவே மரங்கள் அடர்ந்த சிறு தீவொன்றும் தெரியும். அரச மகளிர் பொழுதுபோக்கிய இடம் அது என்பர். ஆங்கிலேயரோ அதனை வெடிமருந்துக் கிடங்காக உபயோகித்தனர். வடகரையிலே இன்னும் சிறிது தூரம் சென்றால், 1882 ஆம் ஆண்டில் தோன்றிய கண்டியக் கலைச் சங்கத்தின் மண்டபம் வரும். அங்கே கண்டிய நடனமும், பித்தளை, வெள்ளி வேலைப்பாடுகளும் காணக் கிடைக்கும். அதற்கப்பால் 1958 ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கம் உள்ளது. அதன் பின்னே உயர்ந்து நிற்பது உடவத்தைக்கலைக் காடு. நகரின் நடுவே நூறு ஹெக்டயருக்கு மேற்பட்ட அடவியொன்று இன்றும் அழியாதிருப்பது கண்டியின் பேறு.

கிழக்கு முனையை அடைந்ததும் ஆரவாரம் குறையும். குன்றுகளிலிருந்து இறங்கும் ஓடைகள் இப்பக்கத்திலேதான் வாவியோடு கலக்கின்றன. மழை பெய்த மறுநாள் வந்தால் நீர் செம்மண் நிறமாக ஓடி வருவதைப் பிள்ளைகள் கண்ணாரக் காணலாம். மேலே எங்கோ ஒரு சரிவில் மரத்தை வெட்டினால், இங்கே வாவியின் ஆழம் குறைகிறது என்ற பாடத்தைப் புவியியற் புத்தகத்தைக் காட்டிலும் அந்நிறம் தெளிவாகக் கற்பிக்கும். நீர்க்காகங்கள் சிறகை விரித்து வெயில் காயும். கொக்கும் நாரையும் அசையாது நிற்கும். கபரகொயா எனப்படும் பெரிய நீருடும்பு கரையோரமாக மெல்ல ஊர்ந்து நீரில் இறங்கும். அதனருகே செல்லாதிருந்தால் அது யாருக்கும் தீங்கு செய்வதில்லை. மாலையில் ஆயிரக்கணக்கான பறவைகள் கரையோரப் பெருமரங்களில் வந்தடையும். அவ்வேளையில் அம்மரங்களின் கீழே நடப்போர் குடை பிடித்துச் செல்வதே அறிவுடைமை!

தென் கரை நிழல் மிக்கது. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத்தலைமையின் அதிகாரிகள் தங்கிய சுவிஸ் ஹோட்டல் இக்கரையிலே இருக்கிறது. மேலும் நடந்தால் மல்வத்தை விகாரை வரும். இங்கிருந்து நோக்குவோர்க்கு எதிர்க்கரையிலே மாளிகையும், முகில் மதிலும், பின்னே காடும், அவை யாவற்றின் நிழலும் நீரிலே ஒருங்கே தோன்றும். மன்னன் கனவு கண்ட தேவருலகம் இதுதானோ என்று எண்ணத் தோன்றும். மாலை ஆறரை மணியளவில் மாளிகைப் பூசைக்கான முரசொலி எழுந்து நீரின்மேல் தவழ்ந்து வரும்.

சுற்று முடிந்து மீண்டும் அணைக்கட்டை அடைந்ததும், சிறுவர் யாரேனும் ஒருவர் கேட்கக்கூடிய வினா ஒன்றுண்டு: இவ்வளவு நீரும் எங்கே போகிறது?

இவ்வினாவிற்கு விடை கூறுதல் பெரியோர் கடமை. வாவியில் மிகுந்து வழியும் நீர் மெத எல என்னும் கால்வாயாகி, நகரின் ஊடே ஓடி, கெட்டம்பே அருகே மகாவலி கங்கையிற் சேர்கிறது. எசல பெரஹரா நிறைவுறும்போது, தேவாலயங்களின் நீர் வெட்டுச் சடங்கு நடைபெறுவதும் அதே கெட்டம்பேயில்தான். தமிழர் திருவிழாக்களில் தீர்த்தம் எத்தகையதோ, அத்தகையது அச்சடங்கு. அங்கிருந்து கங்கை கட்டுகஸ்தோட்டையை அடைந்து மக்களுக்குக் குடிநீராகிறது. சற்றுக் கீழே பொல்கொல்லை அணையில், 1976 முதல், அதன் ஒரு பகுதி மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வடக்கே திருப்பப்பட்டு உலர்வலய வயல்களிற் பாய்கிறது. எஞ்சிய நீர் கிழக்கே சென்று, திருகோணமலையின் கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கிறது. வயல்களை மூடி எழுந்த வாவியின் நீர், எங்கோ தொலைவில் வேறு வயல்களுக்கு உயிர் கொடுக்கிறது.

ஆகவே வாவியிலே எறியப்படும் எதுவும் வாவியோடு நின்றுவிடுவதில்லை. 1999 ஆம் ஆண்டில் வாவி முழுவதும் பச்சை நிறமாகித் திரண்டது. நீலப்பச்சைப் பாசி பெருகியதே காரணம். நகரத்துக் கழிவுநீர் சுமந்து வரும் பொசுபரசு, நைதரசன் ஆகிய சத்துக்களை உண்டு, தேங்கிய நீரிலும் வெயிலிலும் அப்பாசி செழித்து வளரும். அவ்வினப் பாசிகளுட் சில ஈரலைத் தாக்கும் நஞ்சையும் உண்டாக்க வல்லவை. பாற்கடலைக் கடைந்தபோது அமுதத்திற்கு முன் நஞ்சு எழுந்ததென்பது புராணம். கண்டியின் பாற்கடலிலும் நஞ்சு எழுந்தது. அதனை உண்டு காக்க ஒரு நீலகண்டன் வருவானென்று மாநகரம் காத்திருத்தல் இயலாது.

கழிவுநீரைத் தடுத்துத் தூய்மை செய்தல் மாநகர சபையும் அரசும் ஆற்ற வேண்டிய பணி. 1865 ஆம் ஆண்டு முதல் நகரை நிருவகித்து வரும் சபைக்கு அக்கடமை புதிதன்று. ஆயின் நடக்க வரும் குடும்பத்துக்கும் பங்குண்டு. பிள்ளைகள் ஆசையோடு மீன்களுக்கு வீசும் பாணும் பொரியும், மீன் உண்டது போக எஞ்சியவை அழுகி, பாசிக்கே உரமாகின்றன. ஆதலின் மீன்களைப் பார்த்து மகிழ்வதோடு நிறுத்திக் கொள்ளுதல் நன்று. கடலை சுற்றிய கடதாசியையும் வெற்றுப் போத்தலையும் கையோடு கொண்டு செல்லுதல் வேண்டும். ஓடைக்கரையில் வீடுடையோர் தத்தம் கழிவு எங்கே போய்ச் சேருகிறது என்று ஒருமுறையேனும் தேடிப் பார்த்தல் வேண்டும்.

ஒரு மன்னன் தன் இன்பத்திற்காக வெட்டுவித்த வாவி இது. அதில் மண் சுமந்தவர்களுக்கு அதன் கரையில் உலாவும் உரிமை இருந்திருக்குமோ என்பது ஐயமே. இன்று அவர்களுடைய வழித்தோன்றல்களும், தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி வரும் தொழிலாளர் குடும்பங்களும், பாடசாலை விட்டு வரும் சிறுவர்களும், வெளிநாட்டுப் பயணிகளும் ஒரே பாதையில், ஒரே நிழலில், கட்டணமின்றி நடக்கின்றனர். கூலி பெறாத கைகள் சுமந்த மண்ணுக்கு இருநூறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்திருக்கும் கூலி அதுவே. அந்தக் கூலி அடுத்த தலைமுறைக்கும் தூய நீராகவே சென்று சேருமாறு காப்பது, அக்கரையில் நடக்கும் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது.