மரத்தடியில் ஒரு தோட்டம்

வீட்டு மாமரத்தடியில் செடி வைத்துப் பார்த்தவர்கள், "நிழல்ல எதுவும் வராதுங்க" என்று கைவிரிப்பதுண்டு. அங்கே செடியை வாட்டுவதில் நிழலைவிடத் தாகத்துக்கே பங்கு அதிகம். லேசான தூறலை இலைகளே ஏந்திக்கொள்கின்றன. மண்ணில் இறங்கும் ஈரத்தையும் மேல்மண்ணில் பரவிய மரத்தின் சல்லிவேர்கள் முந்திக்கொண்டு உறிஞ்சிவிடுகின்றன.

இப்படி வறண்ட மரத்தடியில் செடி வளர்க்கும் கலைக்கு நம் கரையோரக் கோயில்காடுகளே நல்ல பள்ளிக்கூடம். புதுச்சேரிக்கும் மரக்காணத்துக்கும் இடையே, புத்துப்பட்டு ஐயனார் கோயிலைச் சுற்றி அப்படியொரு காடு இருக்கிறது. சோழமண்டலக் கரையில் மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பெய்து முடிந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் வறட்சி. யாரும் தண்ணீர் ஊற்றாமலே இவ்வகைக் காடுகளில் மரத்தடிச் செடிகள் பிழைத்துக்கொள்கின்றன.

எப்படி? மருள் என்ற செடி, தடித்த இலைகளில் நீரைச் சேர்த்துவைக்கிறது. பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை இழுப்பதால், அதன் ஈரம் வெயிலில் வீணாவதில்லை. தண்ணீர்விட்டான் கொடியோ மண்ணுக்கடியில் கொத்துக்கொத்தாய்க் கிழங்கு வைத்து அதிலே நீரைப் பதுக்குகிறது. சேனையும் மஞ்சளும் கூவைக்கிழங்கும் மழைக்காலத்தில் தழைத்து, வறண்ட காலத்தில் இலை மடிந்து கிழங்காக உறங்குகின்றன. ஓரளவு வெளிச்சம் விழும் விளிம்பில், தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட கனகாம்பரம் நன்றாகப் பூக்கும்.

செடியைத் தேர்ந்தால் போதாது. நடும் விதமும் முக்கியம். மரவேரை வெட்டாமல், வேர்களுக்கு இடையே சிறு குழி எடுக்க வேண்டும். பெரிய செடியைவிடச் சின்ன நாற்று எளிதாக வேர்பிடிக்கும். மழை தொடங்கும் சமயம் நடுவது நல்லது. வேர்பிடிக்கும்வரை, தினமும் தெளிப்பதைவிட இடைவெளி விட்டு ஆழமாக நனைப்பதே பலன் தரும். அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவிக்கவே கூடாது. பட்டை அழுகி மரத்துக்கே கேடு.

ரோஜாவும் மல்லிகையும் எதிர்பார்ப்பவருக்கு இந்தத் தோட்டம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். இதன் அழகு இலைகளில்: மருளின் வரியோடிய வாள், மஞ்சளின் அகன்ற மடல், தண்ணீர்விட்டானின் ஊசித்தழை. குறைந்த தண்ணீரில் இத்தனை பசுமை தரும் தோட்டக்கலை வேறு அதிகமில்லை.

ஒரு வேண்டுகோள். காலையில் மரத்தடியைக் கூட்டிச் சருகைக் கொளுத்தும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தச் சருகு ஈரத்தைக் காத்து, மட்கி உரமுமாகிறது. அதை அங்கேயே பரப்பிவைத்து, இந்த ஐப்பசி மழைக்கு நான்கு மருள் கன்றுகளை நட்டுத் தொடங்குங்கள்.