லீஷ் இறுகினால் நடை நிற்கும்

(புதிதாக நாய்க்குட்டி வாங்கிய வீடுகளுக்காக நம் சங்கம் கிளப் ஹவுஸில் ஏற்பாடு செய்த சந்திப்பில், பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

 

செயலாளர் என்னைப் பேசச் சொன்னதற்குக் காரணம் எனக்கு நாய்களைப் பற்றி நிறையத் தெரியும் என்பதல்ல. நம் வளாகத்தில் ஒரு நாய் இழுத்து ஒருவர் விழுந்தாரே, அந்த நாய் எங்கள் வீட்டு நாய். அதனால்தான் கூப்பிட்டிருக்கிறார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் நடந்தது. எங்கள் மிளகுக்கு அப்போது ஐந்தரை மாதம். லாப்ரடார். வீட்டுக்கு வந்த அன்று ஒரு கையில் அடங்கிய குட்டி, அதற்குள் 17 கிலோ ஆகியிருந்தது. தரைத்தளத்தில் லிஃப்டுக்காக நின்றுகொண்டிருந்தோம். நான் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. உள்ளே இரண்டாவது மாடி மாமி, கையில் சர்க்கரைப் பொங்கல் தூக்கு. மிளகு ஒரே பாய்ச்சல். கோபமெல்லாம் இல்லை, பொங்கல் வாசனையும் மாமி மேல் இருந்த பாசமும்தான். மாமி சறுக்கி விழுந்தார். மணிக்கட்டில் எலும்பு விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு.

மாமி ஒரு வார்த்தை திட்டவில்லை. "குழந்தைதானே" என்றார். ஆனால் அதற்குப் பிறகு கீழே வருவதற்கு முன் இன்டர்காமில் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, "நாய் கீழே இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்தார். சாயங்கால நடையை நிறுத்திவிட்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

அடுத்த கூட்டத்தில் நாய்களை லிஃப்டில் ஏற்றக்கூடாது என்று ஒருவர் சொன்னார். இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் குடியிருப்போர் சங்கங்களுக்காக வெளியிட்ட வழிகாட்டுதலை நான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். நாய் வளர்க்கக்கூடாது என்று சங்கம் தடை போட முடியாது, லிஃப்டையும் மறுக்க முடியாது. பொது இடத்தில் லீஷ் போட்டு அழைத்துவரும்படி கேட்டுக்கொள்ளலாம். வாதத்தில் ஜெயித்தேன். வீட்டுக்கு வந்ததும் என் மனைவி கேட்டாள்: "லீஷ் அன்னிக்கும் போட்டுத்தானே இருந்தது?"

பதில் இல்லை. அப்புறம்தான் ஒரு பயிற்சியாளரை வரவழைத்தோம். அவர் முதல் நாள் நாயைப் பார்க்கவே இல்லை, என் காலைத்தான் பார்த்தார். "லீஷ் விறைப்பா இருக்கும்போது நீங்க ஒரு அடி வெச்சீங்கன்னா, இழுத்தா போகலாம்னு சொல்லிக் குடுக்கறீங்க, சார்" என்றார். யோசித்துப் பாருங்கள். குட்டி மரத்தடிக்கு இழுக்கிறது, நாம் பின்னாலேயே ஓடுகிறோம். மரத்தடி கிடைத்துவிட்டது. அப்படியானால் நாளைக்கும் இழுக்கும். மிளகுக்கு மூன்று மாதம் நான் தினமும் இரண்டு வேளை இழுக்கப் பாடம் எடுத்திருக்கிறேன்.

பதிலுக்கு நாம் இழுத்தால் அது இன்னும் இழுக்கும். நாயின் மார்பில் கையை வைத்து மெதுவாகத் தள்ளிப் பாருங்கள், அதுவும் உங்களை நோக்கித் தள்ளும். வெடுக்கென்று சுண்டுவதால் கழுத்து வலிக்குமே தவிர, நடை வராது.

சாமான் பற்றிச் சுருக்கமாக. வாட்ச்மேன் பெல்ட் என்கிறார், என் அம்மா சங்கிலி என்கிறார், கடையில் லீஷ். எப்படிச் சொன்னாலும் ஐந்து அல்லது ஆறு அடி, தட்டையான நைலான் அல்லது பருத்தி போதும். பட்டனை அழுத்தினால் நீண்டுகொண்டே போகும் ரகம் நம் மாதிரி இடத்துக்கு வேண்டாம். நாய் லிஃப்டுக்குள், நீங்கள் வெளியே, நடுவில் கதவு மூடுகிறது என்றால் என்ன ஆகும்? கழுத்தை இறுக்கும் சங்கிலியும் வேண்டாம். மார்பில் வளையம் உள்ள ஹார்னஸ் நல்லது. உள்ளே இரண்டு விரல் நுழைய வேண்டும். குட்டி வளர்கிறது, அதனால் வாரம் ஒருமுறை பாருங்கள்.

ஆரம்பம் வீட்டு ஹாலில். நான் நேராகத் தோட்டத்துக்குப் போனேன், அது தப்பு. அங்கே அணில், பூனை, பந்து விளையாடும் பிள்ளைகள். அதற்கு நடுவில் நான் யார்? முதலில் சாப்பாட்டு நேரத்தில் ஹார்னஸைப் போட்டுப் பழக்குங்கள். பிறகு லீஷை மாட்டி ஹாலில் ஐந்து நிமிஷம். வேகவைத்த கோழி, பட்டாணி அளவுத் துண்டு. சைவ வீடென்றால் பனீர். குட்டி உங்கள் இடது தொடைக்குப் பக்கத்தில் வரும்போது "சரி" என்று சொல்லி, அங்கேயே, காலோரமாகக் கொடுங்கள். முன்னால் நீட்டிக் கொடுத்தால் முன்னால்தான் நடக்கும். ஹால் பழகியபின் வராண்டா, பிறகு கார் பார்க்கிங், கடைசியில் தோட்டம்.

தடுப்பூசி முடியாத குட்டியைத் தெருவில் இறக்கவேண்டாம். அதற்காக வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கவும் வேண்டாம். மடியில் வைத்துக்கொண்டு கேட் அருகே பத்து நிமிஷம் உட்காருங்கள். தண்ணீர் லாரி, ஆட்டோ, கேஸ் சிலிண்டர் சத்தம், ஹெல்மெட் போட்ட டெலிவரி பையன், எல்லாவற்றையும் அந்த வயதில் பார்த்துவிட்டால் பின்னால் பயம் குறைவு. ரேபிஸ் ஊசியும் மாநகராட்சி உரிமமும் கட்டாயம். படிவத்துக்கு உதவி வேண்டுமென்றால் அலுவலகத்தில் கேளுங்கள்.

இனி முக்கியமான விஷயம். நடக்கிறீர்கள், லீஷ் இறுகுகிறது. நில்லுங்கள். இழுக்காதீர்கள், திட்டாதீர்கள். லீஷ் பிடித்த கையை வயிற்றோடு வைத்துக்கொண்டு சும்மா நில்லுங்கள். குட்டி இழுத்துப் பார்க்கும், குலைக்கும், கொஞ்ச நேரத்தில் என்னடா இது என்று திரும்பிப் பார்க்கும். அந்த நொடியில் லீஷ் தளரும். "சரி", ஒரு துண்டு, மறுபடி நடை. அவ்வளவுதான். ஆனால் பொறுமை வேண்டும். பி பிளாக்கிலிருந்து கேட்டுக்கு இரண்டு நிமிஷ நடை. முதல் வாரம் எங்களுக்கு இருபது நிமிஷம் ஆனது. வாட்ச்மேன் ஓடிவந்து, "சார், உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்.

காலை எட்டு மணிக்கு ஆபீஸ் கேப் காத்திருக்கும்போது இது முடியாது. எங்களுக்குக் கைகொடுத்த வழி இது: பயிற்சி நடைக்கு ஹார்னஸ், அவசரத்துக்கு அக்குளில் தூக்கிக்கொண்டு நேராகப் புல்தரை. கலந்தால் குட்டி குழம்பும்.

வீட்டில் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கவேண்டும். நான் காலையில் கற்றுக்கொடுத்ததை என் மாமனார் சாயங்காலம் "ஆசைப்படுது, விடுங்க மாப்பிள்ளை" என்று கலைத்துவிடுவார். பெரியவரிடம் எப்படிச் சொல்வது? கோழிப் பெட்டியை அவர் கையில் கொடுத்து, "நீங்கள் சொன்னால்தான் கேட்கிறது மாமா" என்றேன். இப்போது என்னைவிடக் கண்டிப்பு. நடத்துவதற்கு ஆள் வைத்திருக்கும் வீடுகள் அந்தப் பையனுக்கும் சொல்லிக்கொடுங்கள். கையில் நாலு நாயோடு போகிறவரால் எதற்காகவும் நிற்க முடியாது.

மோந்து பார்ப்பதைத் தடுக்காதீர்கள். அதற்காகத்தானே அது வெளியே வருகிறது. பத்து அடி தளர்ந்த லீஷோடு நடந்தால் "போ, மோந்து பார்" என்று விடுங்கள். தீனியைவிட அது பெரிய பரிசு.

கேட்டுக்கு வெளியே தெருநாய்கள் வந்தால் நம் கை தானாக இறுகும். இறுகினால் குட்டிக்கும் பயம் ஏறும். தூரத்தில் பார்த்தவுடனே திரும்பி வேறு பக்கம் நடந்துவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சிமென்ட் தரையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியவில்லை என்றால் அதன் பாதத்தாலும் முடியாது.

லிஃப்டில் எங்கள் வழக்கம்: கதவிலிருந்து நாலடி தள்ளி, ஓரமாக உட்காரவைப்பது. உள்ளே யாராவது இருந்தால், "வரலாமா?" என்று கேட்பது. அவர்கள் யோசித்தாலே அடுத்த லிஃப்ட். ஏறினால் மூலையில் நாய், நடுவில் நான். செல்போன் பையில். பயப்படுகிறவரிடம் "ஒண்ணும் பண்ணாது" என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். மாமியையும் ஒண்ணும் பண்ண வரவில்லையே, என் நாய்?

போன மாதம் கதவு திறந்தபோது உள்ளே அதே மாமி, அதே தூக்கு. மிளகு உட்கார்ந்திருந்தாள், வால் மட்டும் தரையைப் பெருக்கியது. "அடுத்ததில் வருகிறோம் மாமி" என்றேன். அவர் லீஷைப் பார்த்தார், அது தொய்ந்து கிடந்தது. தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு, எங்களைத் தாண்டி மெதுவாக நடந்து போனார். இன்டர்காமில் கேட்பது இன்னும் முழுசாக நிற்கவில்லை.

வரும் ஞாயிறு காலை ஆறரைக்கு கிளப் ஹவுஸ் பின்னால் பயிற்சி. ஒரு நேரத்தில் இரண்டு குட்டிகள்தான், அதனால் பலகையில் பெயர் எழுதிவிடுங்கள். காலை உணவைக் குறைத்துப் போட்டு, பசியோடு அழைத்துவாருங்கள். தீனிப் பெட்டியை மறக்கவேண்டாம். பிள்ளைகளின் கிரீம் பிஸ்கட் செல்லாது.