ஸ்மார்ட் மீட்டரும் 15 நாள் உரிமையும்

(புணே, விஷ்ராந்த்வாடியில் தமிழ் பேசும் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



மின்கட்டமைப்பு நவீனமாவதை உழைக்கும் வர்க்கம் எதிர்க்கவில்லை. சூரிய மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் பெருகும் காலத்தில், எந்த நேரத்தில் எவ்வளவு செலவாகிறது என்று அளக்கும் கருவி தேவைதான். அக்கருவி யாருடைய உடைமை, அதன் விலையைச் சுமப்பது யார், மின்சாரத்தை நிறுத்தும் அதிகாரம் யாரிடம் என்பவையே கேள்விகள்.

ஒன்றிய அரசு 2021இல் அறிவித்த திட்டம், நாடு முழுவதும் 25 கோடி ஸ்மார்ட் பிரீபெய்டு மீட்டர்களைப் பொருத்த இலக்கு வைத்தது. மகாராஷ்டிர மின் பகிர்மானக் கழகம் 2023 ஆகஸ்டில் சுமார் 2.25 கோடி மீட்டர்களுக்கான ஒப்பந்தங்களை அதானி உள்ளிட்ட தனியார் நிறுவனங்களுக்கு வழங்கியது. மொத்த மதிப்பு சுமார் 27,000 கோடி ரூபாய். மீட்டர் ஒன்றுக்கு ஏறத்தாழ 12,000 ரூபாய். இதில் ஒன்றிய அரசின் மானியம் அதிகபட்சம் 900 ரூபாய். மீதியைக் கழகம் தவணைகளில் செலுத்தியாக வேண்டும். கழகத்தின் வருவாயோ நுகர்வோர் கட்டும் கட்டணம். மீட்டர் இலவசம் என்ற பிரச்சாரத்தின் உண்மை இதுவே.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. மின்சாரச் சட்டம் 2003இன் 56ஆம் பிரிவுப்படி, பாக்கி வைத்தவருக்கும் 15 நாள் எழுத்துபூர்வ முன்னறிவிப்புக் கொடுத்த பின்னரே இணைப்பைத் துண்டிக்க முடியும். கூலி கிடைக்காத வாரத்தைக் கடக்கக் கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டுவேலைத் தொழிலாளிக்கும் இருக்கும் ஒரே அவகாசம் அது. ஆனால் 2020ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமை விதிகளோ, முன்பணம் தீர்ந்ததும் மீட்டர் தானாகவே மின்சாரத்தை நிறுத்தும் என்றும், அது துண்டிப்பாகக் கருதப்படாது என்றும் சொல்கின்றன. வீடு இருண்டிருக்கும், சட்டத்தின் கண்ணில் துண்டிப்பு நடக்கவே இல்லை!

2023ஆம் ஆண்டு விதித்திருத்தம், பகலில் குறைந்த கட்டணத்தையும் உச்ச நேரத்தில் கூடுதல் கட்டணத்தையும் வகுக்கிறது. பகலெல்லாம் பிறர் வீட்டில் வேலை செய்துவிட்டு மாலையில் தன் வீட்டு விளக்கை ஏற்றும் பெண்ணுக்கு இச்சலுகையால் என்ன பயன்?

போராட்டம் வீண்போகவில்லை. எதிர்ப்பு வலுத்ததால், சாதாரண நுகர்வோருக்குப் பிரீபெய்டு மீட்டர் கட்டாயமில்லை என 2024 ஜூனில் மாநில அரசு அறிவிக்க நேர்ந்தது. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி அரசு, மீட்டர் பணியை ஒட்டுமொத்தமாகத் தனியாரிடம் ஒப்படைக்கும் முறையை ஏற்க மறுத்தது. எனினும் விழிப்பு தேவை. இப்போது பொருத்தப்படும் ஸ்மார்ட் மீட்டரைத் தொலைவிலிருந்தே பிரீபெய்டாக மாற்ற முடியும்.

எனவே கோரிக்கைகள் நான்கு: எழுத்துபூர்வ ஒப்புதலின்றிப் பிரீபெய்டு கூடாது, எந்த மீட்டராயினும் 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும், மீட்டரும் அதன் தரவும் பொதுத்துறையின் உடைமையாக இருக்க வேண்டும், மீட்டர் கணக்கெடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளர்க்கு மாற்றுப் பணி வேண்டும். வாடகைக் குடித்தனங்களின் மின்கட்டண ரசீதுகளைத் திரட்டி, தெருத்தெருவாக இவற்றை விளக்குவதே விஷ்ராந்த்வாடித் தோழர்களின் உடனடிக் கடமை.