இளைஞர் வகுப்பில் ஒரு காதற்சோக நாடகம்



சித்தூர் மாவட்டத்துக் கார்வேட்டிநகரம் பழைய ஜமீன் ஒன்றின் தலைநகர். அங்குள்ள வேணுகோபாலசுவாமி மீது சாரங்கபாணி என்னும் கவிஞர் தெலுங்கில் பாடிய பதங்கள் இன்றும் இசையரங்கிலும் நாட்டிய அரங்கிலும் ஒலிக்கின்றன. தலைவியின் ஏக்கமும் ஊடலுமே அவற்றின் பொருள். ஆகவே காதலைப் பாடுவது அவ்வூருக்குப் புதிதன்று. 1911 ஆம் ஆண்டு வரை வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்த அந்நிலம், பின்னர்ச் சித்தூர் மாவட்டமாயிற்று. 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. கார்வேட்டிநகரம் ஆந்திரத்திலேயே நின்றது. கோடு நகர்ந்ததேயன்றி, மக்கள் நகரவில்லை.

அத்தகைய எல்லையூர்களில் தமிழ் பேசும் வீட்டுப் பிள்ளைக்கு மூன்று மொழிகள் வாய்க்கின்றன. அடுப்பங்கரையில் தமிழ், பள்ளியில் தெலுங்கு, பிழைப்புக்கு ஆங்கிலம். மும்பையிலும் பெங்களூரிலும் தில்லியிலும் வாழும் நேயர்களின் வீட்டுப் பிள்ளைகள் நிலையும் இதுவேயாகும். தொடக்கக் கல்வியைத் தாய்மொழியிற் பெற வசதி செய்யுமாறு அரசியலமைப்பின் 350அ பிரிவு மாநிலங்களைப் பணிக்கின்றது. ஆனால் தொடக்கப் பள்ளியைக் கடந்த பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைக்கு யார் தமிழ் சொல்லித் தருவது? ஞாயிறுதோறும் சங்கக் கட்டடத்தில் கூடும் வகுப்புக்கு அவன் வர மறுக்கின்றான். ஆத்திசூடியைச் சொல்லச் சொன்னால் நாணுகின்றான். அவன் வயதுக்குத் தக்க பொருள் வேண்டும். அதற்கு ஒரு காதற்சோக நாடகம் உதவும் என்பது நம் கருத்து.

ஷேக்ஸ்பியரின் ரோமியோவும் ஜூலியட்டும் அவர்கள் ஆங்கிலப் பாடத்தில் கேள்விப்பட்ட கதை. அதனருகே நம் அம்பிகாபதி அமராவதி கதையை வைத்துக்கொள்வோம். கம்பர் மகனும் சோழன் மகளும் காதலித்த இக்கதைக்குச் சரித்திரச் சான்றில்லை, கர்ணபரம்பரையாக வந்தது. 1937 இல் எல்லிஸ் டங்கன் என்ற அமெரிக்கர் இதனைத் திரைப்படமாக்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. அப்படத்தின் காதற்காட்சிகளில் ரோமியோ நாடகத்தின் சாயல் ஏறியுள்ளதெனத் திரைவரலாறு எழுதியோர் கூறுவர். இரு கதைகளும் முன்னமே கைகோத்தவை. நாம் அவற்றை ஒரே வகுப்பில் அமர்த்துகிறோம், அவ்வளவே.

இனிச் செயல்முறைக்கு வருவோம்.

முதல் நாள் புத்தகத்தைத் திறக்க வேண்டா. சித்தூர் மாவட்டத்துத் திரௌபதியம்மன் கோயில்களில் பாரதத் திருவிழா நடக்கும். பகலில் கதை, இரவில் கூத்து. அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதும் துரியோதனன் மடிவதும் அங்குள்ள பிள்ளைகளுக்குத் தெரிந்த காட்சிகள். முடிவு தெரிந்திருந்தும் ஊரார் விடிய விடிய விழித்திருக்கின்றனர். ஷேக்ஸ்பியரும் தம் நாடகத்தைத் தொடங்குமுன், காதலர் இருவரும் மடிவர் என்பதைப் பதினான்கு அடிகளில் சொல்லிவிடுகின்றார். நம் கூத்தில் கட்டியக்காரன் செய்யும் வேலையை ஒட்டியது இது. ஆதலின் ஒவ்வொரு மாணவனும் இந்நாடகத்துக்குப் பத்து வரியில் ஒரு கட்டியம் எழுதி, எழுந்து நின்று உரக்கச் சொல்லட்டும். பேச்சுத் தமிழாயினும் குற்றமில்லை. முடிவை முதலிலேயே அறிந்த பின்னர், "என்ன ஆகும்?" என்ற கேள்வி நீங்கி, "எங்கே தடுத்திருக்கலாம்?" என்ற கேள்வி பிறக்கும். வகுப்பு முழுமைக்கும் அக்கேள்வியே தாரக மந்திரம்.

இரண்டாம் நாள் கரும்பலகையில் ஐந்து கட்டங்கள் வரைக. ஞாயிறு முதல் வியாழன் வரை நாட்களின் பெயர்களை எழுதுக. முழுக் கதையும் அந்த ஐந்து நாட்களுக்குள் அடங்கிவிடுகின்றது. ஞாயிறு இரவு விருந்திற் சந்திப்பு, திங்கள் திருமணம், அன்றே கொலையும் நாடு கடத்தலும், செவ்வாயன்று உறக்க மருந்து, வியாழன் விடியுமுன் கல்லறை. ஷேக்ஸ்பியருக்கு மூலமாயிருந்த ஆர்தர் புரூக்கின் 1562 ஆம் ஆண்டுக் கவிதையிலோ இக்கதை மாதக்கணக்கில் நீள்கின்றது. நாட்களைக் குறுக்கியவர் ஷேக்ஸ்பியரே. ஏன் குறுக்கினார் என்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும், யார் முடிவெடுத்தார், எத்தனை மணி நேரம் யோசித்தார், யாரைக் கலந்தார் என்று மாணவரே நிரப்பட்டும். பெரும்பாலான கட்டங்களில் மூன்றாம் வினாவுக்கு விடையிராது. அவசரம் இளையோர்க்கு மட்டும் உரியதன்று என்பதையும் அவர்களே காண்பர். மகளின் திருமணத்தை ஒரு நாள் முன்னுக்கு இழுத்தவர் தந்தை. ஜூலியட்டுக்குப் பதினான்கு வயதுகூட நிரம்பவில்லை. 2006 ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின்படி இன்று அத்தந்தையின் ஏற்பாடு நம் நாட்டிற் குற்றமாகும். இதனை வகுப்பிற் சொல்லத் தயங்க வேண்டா.

மூன்றாம் நாளுக்கு நூறு புளியங்கொட்டைகள் தேவை. காதற்சுவை கலவாமல் கடவுள்மீது நூறு பாடல் பாடினால் உயிர் பிழைக்கலாம் என்பது அம்பிகாபதிக்கு விதித்த சோதனை. மறைவிலிருந்த அமராவதி பாடலுக்கொன்றாக எண்ணிவந்தாள். காப்புச் செய்யுளையும் சேர்த்தெண்ணி, நூறு முடிந்ததென நம்பி வெளியே தலைகாட்டினாள். கண்டவன் அவளையே பாடினான், தலை போயிற்று. வகுப்பில் ஒருவன் பாடல் எண்களைச் சொல்ல, இரு மாணவியர் தனித்தனியே கொட்டைகளை எடுத்து வைக்கட்டும். ஒருத்தி காப்பைச் சேர்க்கட்டும், மற்றவள் விடட்டும். எந்தக் கணக்கு சரி என்ற வழக்கு அங்கேயே மூளும். அதன்பின் அபிராமி அந்தாதியைக் கையில் கொடுங்கள். காப்பும் நூற்பயனும் நூற்றுக்குப் புறம்பாக நிற்பதை அவர்கள் எண்ணியே அறிவர். தமிழ் நூலின் அமைப்பைப் பற்றிய ஒரு பாடம், ஒரு பெண்ணின் கண்ணீரோடு சேர்ந்து மனத்திற் பதியும். பின்பு அந்தாதியை வீட்டுக்கு எடுத்துச்செல்ல அவர்களே கேட்பார்கள்.

நான்காம் நாள் கடிதம். பாதிரியார் லாரன்ஸ் ரோமியோவுக்கு அனுப்பிய கடிதம் போய்ச் சேரவில்லை. எடுத்துச் சென்றவர் கொள்ளைநோய் கண்ட வீட்டில் இருந்திருப்பாரென ஐயுற்று, அதிகாரிகள் கதவை அடைத்துவிட்டனர். 2020 ஆம் ஆண்டில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த பிள்ளைகளுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. அந்தக் கடிதத்தைத் தமிழில் அவர்கள் எழுதட்டும். யாரை எப்படி விளிப்பது, செய்தியை எப்படி மறைத்தும் விளங்கவும் சொல்வது, எப்படி முடிப்பது என்று யோசித்து எழுதட்டும். வெளிமாநிலத்துப் பிள்ளைகளுக்குத் தமிழ்க் கடிதம் எழுதும் வாய்ப்பே அரிதாயிற்று. பாட்டிக்கு எழுதச் சொன்னால் தயங்குபவர், ரோமியோவுக்கு எழுதச் சொன்னால் விரைந்து எழுதுவர். "கைப்பேசி இருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்களே!" என்று ஒரு குரல் கட்டாயம் எழும். அப்போது நாம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: "ஜூலியட்டின் தந்தை அடுத்த அறையிலேயே இருந்தார். அவரிடம் சொல்ல எந்தக் கருவி தேவைப்பட்டது?" அந்த மௌனத்தைச் சற்று நேரம் நீளவிடுவது நல்லாசிரியருக்கு அழகு.

ஐந்தாம் நாள் நடிப்பு. எல்லையூரார்க்கும் வெளிமாநிலத்தார்க்கும் ஒரு தனிவழியுண்டு. பகைமை கொண்ட இரு குடும்பங்களுள் ஒன்று தமிழ் பேசட்டும். மற்றொன்று அவ்வூர் மொழி பேசட்டும். கார்வேட்டிநகரத்தில் தெலுங்கு, மும்பையில் மராத்தி, பெங்களூரில் கன்னடம். அடுத்த வாரம் வீடுகளை மாற்றிவிடுங்கள். முன்பு தமிழ் பேசியவர் இப்போது பிறமொழி பேசுவர். மாற்றாவிடின் விளையாட்டு வினையாகும். மாற்றினால், எதிர் வீட்டுத் தாயின் துயரத்தை அவள் மொழியிலேயே உணர்வர். மொழிகள் ஒன்றையொன்று வளர்த்தமைக்கு நம் நாடக மேடையே சான்று. பம்மல் சம்பந்த முதலியார் 1891 இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கத் தூண்டுதலாயிருந்தவை, பல்லாரியிலிருந்து வந்த குழுவினர் நடித்த தெலுங்கு நாடகங்கள். அவரே பின்னர் ஹாம்லெட்டை அமலாதித்யனாகத் தமிழுக்குத் தந்தார்.

இறுதி வகுப்பு நீதிமன்றம். குற்றவாளி யார்? இரு தந்தையரா, செவிலியா, பாதிரியாரா, நஞ்சு விற்ற வறியவனா, விதியா? அம்பிகாபதி வழக்கில் அரசனா, சோதனையை ஒப்புக்கொண்ட அவையா? ஒவ்வொருவரும் மூன்று நிமிடம் பேச வேண்டும். எழுதிப் படித்தல் கூடாது.

இங்கே பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும் பணிவாக ஒன்று சொல்ல விரும்புகிறோம். "வளரும் பிள்ளைகளுக்கு இதைக் கற்பிக்கலாமா?" என்று கேட்போர் உளர். நியாயமான அச்சமே. சாவை அழகாக்கிக் காட்டினால் தீமை விளையும். ஆதலின் நஞ்சருந்தும் காட்சியை நடிக்க விடாதீர்கள். அதற்குப் பின் இரு வீட்டாரும் கல்லறையருகே நிற்கும் காட்சியை நடிக்கச் செய்யுங்கள். அன்று வகுப்பு முடியுமுன் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு தாளில், தனக்குத் தாங்கொணாத துயர் வந்தால் யாரிடம் சொல்வேன் என மூன்று பெயர் எழுதித் தன்னிடமே வைத்துக்கொள்ளட்டும். ஜூலியட்டுக்குச் செவிலியும் பாதிரியாரும் இருந்தனர். முன்னவள் கடைசி நேரத்தில் பின்வாங்கினாள். பின்னவர் உண்மைக்கு வழிகாட்டாமல் மருந்தைக் கொடுத்தார். பெயர் எழுத முடியாமல் திகைக்கும் பிள்ளையை நாம் கண்டுகொள்வோமாயின், நாடகம் கற்பித்ததன் பயன் அதுவொன்றே போதும்.

அச்சம் காரணமாகப் பேசாதிருப்பதும் காப்பாகாது. மனமொத்து மணந்த இளைஞரை உற்றாரே கொல்லும் கொடுமை நம் நாட்டில் இன்னும் ஒழியவில்லை. வயது வந்த இருவரின் திருமணத்தில் தலையிட எந்தக் கூட்டத்துக்கும் உரிமையில்லை என்று 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பு சட்டப் புத்தகத்தில் இருக்கின்றது. அது மனத்தில் இறங்க வேண்டிய இடம் பதினைந்து வயது வகுப்பறை.

கார்வேட்டிநகரத்தில் இன்று மாவட்ட ஆசிரியர் கல்விப் பயிற்சி நிறுவனம் ஒன்று இயங்குகின்றது. காதற்பதம் பிறந்த ஊரில் ஆசிரியர் உருவாகின்றனர். அவ்வூருக்குப் பயிற்சி பெற வருவோர்க்கும், தொலைநகரங்களில் ஞாயிறு வகுப்பு நடத்தும் உங்களுக்கும் நம் வேண்டுகோள் ஒன்றே. நூறு புளியங்கொட்டைகளைச் சேர்த்து வையுங்கள். பிள்ளைகளை அழைத்து எண்ணச் சொல்லுங்கள். எண்ணும்போது அவர்கள் பேசுவார்கள், தமிழில் பேசுவார்கள், மனத்தில் உள்ளதையும் ஒருநாள் பேசுவார்கள்.