ஏழு பேர்ச்சஸில் வீடும் கோழிக்கூடும்

(புதிய வீட்டுக் காணி பெறும் தோட்டக் குடும்பங்களின் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



லயத்துக் காம்பராவில் கோழி வளர்த்த கதை நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பகலில் இஸ்தோப்பில் ஒரு கூடை கவிழ்ந்திருக்கும். இரவானால் அது அடுப்படிக்கு வந்துவிடும். இடமில்லாத குறைக்கு நாம் செய்துகொண்ட ஏற்பாடு அது. இன்று பலருக்குத் தனி வீடு வருகிறது. இந்திய உதவியுடன் தொடங்கிய 4,000 வீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச்சஸ் காணியும் 550 சதுர அடி வீடும் என்று வகுத்தார்கள். 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். காணியின் அளவு திட்டத்துக்குத் திட்டம் மாறலாம். நாம் 7 பேர்ச்சஸை வைத்தே கணக்குப் பார்ப்போம்.

ஒரு பேர்ச்சஸ் 272 சதுர அடி. ஏழும் சேர்ந்தால் சுமார் 1,900. வீட்டுக்கு 550 போக 1,350 மிஞ்சும். "அம்மாடி, இவ்வளவு இடமா!" என்று லயத்தில் இருந்த நமக்குத் தோன்றும். ஆனால் மலசலகூடக் குழி, பாதை, கான், விறகு, மரக்கறிப் பாத்தி, கோழிக்கூடு எல்லாம் அதற்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே அத்திவாரம் வெட்டுவதற்கு முன்பே எது எங்கே என்று குறித்துக்கொள்ள வேண்டும்.

சிறிய காணியில் வாழ்வது எப்படி என்பதற்கு அம்பாறைக் கரையைப் பார்க்கலாம். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்றுக்குப் போகும் வீதியில், ஒலுவிலுக்கும் அட்டாளைச்சேனைக்கும் நடுவே இருக்கிறது பாலமுனை. முஸ்லிம் மக்கள் வாழும் ஊர். வீட்டைச் சுற்றியுள்ள காணியை அங்கே வளவு என்பார்கள். வேலி அடைத்த வளவு, தென்னை, கிணறு, கோழி என்பதுதான் அந்தப் பக்கத்துக் குடியிருப்பின் அமைப்பு. பெண்பிள்ளைக்குப் பெற்றோர் வீடு கட்டிக் கொடுப்பது அங்கே வழக்கம். அதனால் ஒரு வளவு இரண்டாகும், பிறகு மூன்றாகும். காணி சுருங்கச் சுருங்க ஒரு வீட்டின் குழி இன்னொரு வீட்டின் கிணற்றை நெருங்கும். அது மணல் நிலம். தண்ணீர் கொஞ்ச ஆழத்திலேயே இருக்கும். மேலே ஊற்றும் அழுக்கு லேசாகக் கீழே இறங்கிவிடும்.

நமக்கும் இதே சோதனை வரப்போகிறது. கிணற்றுக்கும் மலசலகூடக் குழிக்கும் இடையே 50 அடி வேண்டும் என்பது சுகாதார விதி. நமது 7 பேர்ச்சஸ் காணியோ ஏறக்குறைய 40 அடிக்கு 48 அடிதான். ஒரு மூலையில் கிணறும் எதிர் மூலையில் குழியும் வைத்தால்தான் 50 அடி தேறும். ஆனால் அந்த எதிர் மூலைக்கு அடுத்தாற்போல் பக்கத்து வீட்டுக் கிணறு இருக்கும்! கிணறு இல்லாமல் பீலித் தண்ணீர் குடிப்பவர்களுக்கும் இதே கதைதான். நமது நிலம் சரிவு. மேல் வீட்டுக் கோழி எச்சம் மழையோடு வழிந்து கீழ் வீட்டு ஊற்றில்தான் சேரும். எனவே தனித்தனியாகத் திட்டம் போட்டால் சரிவராது. ஒரு வரிசையில் உள்ள குடும்பங்கள் ஒன்றாக உட்கார்ந்து, குழிகள் எல்லாம் ஒரு பக்கம், தண்ணீர் மறு பக்கம் என்று முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது காற்றும் மழையும். பாலமுனையில் பெருமழை ஐப்பசி தொடங்கி மார்கழி, தை வரை வடகீழ்ப் பருவக் காற்றோடு வரும். ஹட்டன், நோர்வூட் பக்கத்தில் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து அடிக்கும். கரையில் கோழிக்கு நிழலும் காற்றோட்டமும் வேண்டும். நமக்குக் காலை வெயிலும் குளிர்காற்றுக்கு மறைப்பும் வேண்டும். ஆகையால் கூட்டின் வலை அடித்த முகப்பு கிழக்கே பார்க்கட்டும். தெற்கையும் மேற்கையும் பலகையால் அடையுங்கள். கூரைக்குக் கீழே புகை போகிற அளவு இடைவெளி விடுங்கள். முழுக்க அடைத்தால் எச்சத்தின் நெடி கோழியின் மூச்சைக் கெடுக்கும்.

முதலில் 6 கோழி போதும். ஒரு கோழிக்கு 2 சதுர அடி என்பார்கள். நம்ம பக்கம் மழை நாளில் கோழி வெளியே இறங்காது, அதனால் 3 சதுர அடி கொடுங்கள். 6 அடி நீளம், 3 அடி அகலம். தரையிலிருந்து 2 அடி உயரத்தில் கால் நிறுத்திக் கட்டினால் ஈரமும் கீரியும் அண்டாது. கம்பி வலை அரை அங்குலக் கண்ணாக இருக்கட்டும். முட்டையிட இருட்டான பெட்டி இரண்டு, இரவில் அடைய ஒரு குறுக்குக் கம்பு. சுற்றி வேலிக்குக் கவ்வாத்து மிலாறே போதும். முட்டைக்குச் சேவல் தேவையில்லை, குஞ்சு பொரிக்கத்தான் தேவை.

கூட்டுக்கு இடம் போதவில்லை என்று மண்மேட்டைக் குடைய வேண்டாம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை நாம் மறக்க முடியாது. சந்தேகம் இருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையைக் கேளுங்கள்.

தீன் கணக்கையும் முன்கூட்டியே பாருங்கள். முட்டைக் கோழி ஒன்று நாளுக்கு 110 முதல் 120 கிராம் வரை தின்னும். ஆறு கோழிக்கு மாதம் 20 கிலோவுக்கு மேல் வரும். சோற்று மிச்சமும் கீரையும் கொஞ்சம் கைகொடுக்கும். ராணிகெட் நோய் வந்தால் கூடே காலியாகிவிடும். குஞ்சு வாங்கும்போதே அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் தடுப்பு மருந்து பற்றிக் கேட்டுவிடுங்கள். மலையில் களைநாசினி அடிக்கும் நாட்களில் கோழியைத் திறந்துவிடாதீர்கள். எச்சத்தைப் பச்சையாகப் பாத்தியில் போட்டால் வேர் கருகும். காய்ந்த இலையோடு குவித்து இரண்டு மூன்று மாதம் மக்கவிட்டால் கோவாவுக்கும் லீக்ஸுக்கும் நல்ல பசளை.

2022, 2023ஆம் ஆண்டுகளில் தீன் தட்டுப்பாட்டால் முட்டை விலை ஏறி, இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலை வந்தது. முட்டை வாங்க வழியில்லாமல் போனது முதலில் நமது பிள்ளைகளுக்குத்தான். ஆகவே கூட்டில் முட்டை எடுத்தால் பிள்ளைக்குக் கொடுத்து மிஞ்சியதை விற்போம்.

தாய்மாரே, காணி அளந்து கொடுக்கும் நாளில் நாலு முளைக்கம்பும் ஒரு கயிறும் கொண்டுபோங்கள். வீடு, குழி, தண்ணீர், கான், கூடு என்று ஒவ்வொன்றுக்கும் கயிறு பிடித்துப் பாருங்கள். மேல் வீட்டாரையும் கீழ் வீட்டாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். கயிறு பிடித்த நிலையில் எதையும் இடம் மாற்றலாம். கொங்கிறீட் போட்ட பிறகு மாற்ற முடியாது.