மண்ணில் வாழும் கிருமியும் முடிக்க வேண்டிய மருந்தும்

பண்டார் தெங்காரா மூத்த குடிமக்களுக்கான சுகாதார உரை



நம் பண்டார் தெங்காராவைச் சுற்றி எங்கே பார்த்தாலும் செம்பனைத் தோட்டம்தான். உங்களில் பலர் மண்ணில் உழைத்தவர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்குப் பின்னால் வெண்டையோ கத்தரியோ நட்டுக்கொண்டிருப்பீர்கள். அது உடலுக்கும் மனதுக்கும் நல்லது. ஆனால் அந்த ஈர மண்ணில் வாழக்கூடிய ஒரு கிருமியைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குறிப்பாக இனிப்பு நீர் உள்ளவர்கள் கவனமாகக் கேளுங்கள்.

அந்தக் கிருமியால் வரும் நோயின் பெயர் மெலியோய்டோசிஸ். 1912-இல் ரங்கூனில் விட்மோர், கிருஷ்ணசாமி என்ற இருவர் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார்கள். மலாயாவில் இதை ஆராய்ந்த ஸ்டாண்டன், பிளெட்சர் இருவரும் 1921-இல் இந்தப் பெயரை வைத்தார்கள். ஆகவே இது நம் நாட்டுக்குப் புதிய நோய் அல்ல. சேற்றிலும் தேங்கிய நீரிலும் இருக்கும் கிருமி, தோலில் உள்ள காயம் வழியாகவோ மூச்சுக் காற்றோடோ அசுத்தமான குடிநீரோடோ உடலுக்குள் நுழைகிறது. மழைக்காலத்தில் ஆபத்து கூடுகிறது.

கிருமி எப்படிப் பெருகுகிறது?

இந்தக் கிருமி பாக்டீரியா வகையைச் சேர்ந்தது. ஒரு பாக்டீரியா என்பது ஒரே ஓர் உயிரணு. அதைச் சுற்றி ஓர் உறுதியான சுவர் இருக்கிறது. உள்ளே புரதம் தயாரிக்கும் ரைபோசோம்கள் இருக்கின்றன. உணவும் ஈரமும் சூடும் கிடைத்தால் அது வளர்ந்து இரண்டாகப் பிரியும். நம் குடலில் வாழும் ஈ.கோலை என்ற பாக்டீரியா, நல்ல வசதி கிடைத்தால், 20 நிமிடத்துக்கு ஒருமுறை பிரியும். அந்த வேகத்தில் போனால் ஒரே ஒரு கிருமி 10 மணி நேரத்தில் 100 கோடிக்கு மேல் ஆகிவிடும்.

நம் உடலின் வெள்ளை அணுக்கள் கிருமிகளைப் பிடித்து அழிக்கின்றன. இனிப்பு நீர் கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் அந்த வேலை மந்தமாகிறது. அதனால்தான் மெலியோய்டோசிஸ் இவர்களை அதிகம் தாக்குகிறது. சிறுநீரக நோய், நாள்பட்ட நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கும், அதிகமாக மது அருந்துபவர்களுக்கும் ஆபத்து உண்டு.

மருந்து எங்கே தாக்குகிறது?

ஆண்டிபயாட்டிக் மருந்து, கிருமியிடம் இருந்து நம்மிடம் இல்லாத ஒன்றைக் குறிவைக்கிறது. நம் உயிரணுவுக்குச் சுவர் கிடையாது. கிருமியோ பிரியும்போதெல்லாம் புதுச் சுவர் கட்டியாக வேண்டும். பெனிசிலின் வகை மருந்துகள் அந்தச் சுவர் வேலையைக் கெடுக்கின்றன. சுவர் பலவீனமாகிக் கிருமி வெடித்துச் சாகிறது. வேறு சில மருந்துகள் ரைபோசோமை முடக்குகின்றன. இன்னும் சில, கிருமி தனக்காகத் தயாரிக்கும் ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கின்றன. நமக்கு அது கீரை, பருப்பு போன்ற உணவிலிருந்து கிடைத்துவிடுகிறது.

சாதாரண சளியும் ஃபுளூ காய்ச்சலும் வைரஸால் வருபவை. வைரஸுக்குச் சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. அதனால் ஆண்டிபயாட்டிக் சாப்பிட்டாலும் வைரஸ் சாகாது.

கிருமி எப்படித் தப்பிக்கிறது?

மெலியோய்டோசிஸ் கிருமி கெட்டிக்காரக் கிருமி. பெனிசிலினைச் சிதைத்துவிடும். சில மருந்துகளை வெளியே தள்ளிவிடும். ஆகவே கடையில் வாங்கிய மாத்திரையோ பக்கத்து வீட்டில் மீந்த மாத்திரையோ இதற்கு உதவாது. மருத்துவமனையில் செஃப்டாசிடிம் போன்ற மருந்தை ஊசி வழியாகக் குறைந்தது இரண்டு வாரம் ஏற்றுவார்கள். இதுவும் சுவரைத் தாக்கும் மருந்துதான், ஆனால் இந்தக் கிருமியிடம் வேலை செய்யக்கூடியது. 1989-இல் வெளியான ஒரு தாய்லாந்து ஆய்வில், பழைய மருந்துகள் பெற்ற கடும் நோயாளிகளில் 100-க்கு 74 பேர் இறந்தார்கள். செஃப்டாசிடிம் பெற்றவர்களில் அது 37 ஆகக் குறைந்தது.

அத்துடன் சிகிச்சை முடிவதில்லை. சில கிருமிகள் நம் உயிரணுக்களுக்குள்ளேயே புகுந்து, பிரியாமல் பதுங்கிக்கிடக்கும். பிரியாத கிருமி சுவர் கட்டுவதில்லை. சுவரைத் தாக்கும் மருந்துக்கு அங்கே வேலை குறைவு. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் கைதியாக இருந்த ஒரு வீரருக்கு 62 ஆண்டுகள் கழித்து இந்த நோய் வெளிப்பட்டதாக மருத்துவப் பதிவு உண்டு.

பதுங்கிய கிருமிகளை ஒழிக்கத்தான் கோ-டிரைமோக்சசோல் மாத்திரையைக் குறைந்தது மூன்று மாதம் கொடுக்கிறார்கள். ஃபோலிக் அமிலத்தைத் தடுக்கும் மருந்து இதுதான். முதல் மாதத்திலேயே காய்ச்சல் விட்டு, பசி எடுக்கும். “நல்லாயிட்டேனே, இன்னும் எதற்கு மாத்திரை?” என்று தோன்றும். அங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பி வரலாம். திரும்பி வந்தால் மறுபடியும் ஊசியிலிருந்து தொடங்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• தோட்ட வேலைக்குப் பூட்ஸும் கையுறையும் அணியுங்கள். முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.
• கால், கையில் காயம் இருந்தால் மூடிக் கட்டுங்கள். சேற்றிலும் வெள்ளத்திலும் இறங்காதீர்கள்.
• கொதிக்கவைத்த தண்ணீரைக் குடியுங்கள். இனிப்பு நீரைக் கட்டுப்பாட்டில் வையுங்கள்.
• விடாத காய்ச்சல், இருமல், நெஞ்சு வலி, ஆறாத புண், சீழ்க்கட்டி இருந்தால் தாமதிக்காமல் கிளினிக் செல்லுங்கள். மண்ணில் வேலை செய்ததையும் இனிப்பு நீர் இருப்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். கிருமியை வளர்த்துப் பார்த்தால்தான் நோய் உறுதியாகும்.
• மூச்சுத் திணறலோ மயக்கமோ வந்தால் 999-ஐ அழையுங்கள்.
• சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால் முன்பே சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடும்போது தோலில் தடிப்பு வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.
• ஆண்டிபயாட்டிக் எதுவானாலும் மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை சாப்பிடுங்கள். அடுத்த முறைக்கென்று எடுத்துவைக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள்.

இங்கே வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு வேண்டுகோள். அப்பாவோ பாட்டியோ நீண்ட நாள் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால், காலண்டரில் முடிவு நாளைக் குறித்து வையுங்கள். தினமும் ஒருமுறை, “மருந்து சாப்பிட்டாச்சா?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி ஓர் உயிரைக் காப்பாற்றலாம்.