போன் அவர்கள் கையிலேயே இருக்கட்டும்

(தோட்டங்களுக்கான டிஜிட்டல் வழிகாட்டிகளுக்குக் குண்டசாலையில் நடந்த பயிற்சியின் நிறைவில் ஆற்றிய உரை)



துணி துவைக்கவும் விறகு சேர்க்கவும் பிள்ளைக்குத் தலை வாரிவிடவும் நமக்கு இருப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அதையும் விட்டுவிட்டு பஸ் மாறி வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டாமல் பேசுகிறோம்.

முதலில் நடந்த ஒரு கதை. எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒன்றின் அம்மா, கொழுந்து பறிப்பவர். அரசாங்கக் கொடுப்பனவு ஒன்றுக்கு விண்ணப்பம் போட டவுனில் ஒரு கடைக்குப் போனார். கடைக்காரத் தம்பி கெட்டவர் அல்ல, பொறுமையாகவே நிரப்பிக் கொடுத்தார். போன் நம்பர் கேட்கும் இடம் வந்தது. அம்மாவுக்கு நம்பர் மனப்பாடம் இல்லை. போனும் அன்றைக்கு வீட்டுக்காரர் கையில். தம்பி தன் நம்பரையே போட்டுவிட்டார். பிறகு வந்த செய்திகள் எல்லாம் கடைக்கே போயின. மேன்முறையீட்டுக்குக் கடைசித் திகதி சொன்ன செய்தியும் அங்கேதான் போனது. அம்மாவுக்குத் தெரிய வந்தபோது திகதி கடந்து பத்து நாள். எங்களிடம் வந்து கேட்டார்: “டீச்சர், நான் கைநாட்டு வைக்கலையே, கையெழுத்துதானே போட்டேன். அப்புறம் ஏன் எனக்கு இல்ல?”

அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இருக்கவில்லை. உண்மையைச் சொன்னால், குற்றம் எங்களிடமும் இருந்தது. எத்தனையோ தாய்மாரின் போனை வாங்கி, “கொடுங்க, நானே செஞ்சு தாரேன்” என்று நாங்களும் தட்டிக் கொடுத்திருக்கிறோம். ஐந்து நிமிடத்தில் வேலை முடியும், அவர்களும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அடுத்த மாதம் அதே வேலைக்கு அதே ஆள் மறுபடியும் வாசலில் நிற்பார். அதை நாங்கள் சேவை என்று நினைத்தோம்.

நம்முடைய பழைய கதையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ‘துண்டு’ என்று ஒரு சீட்டு இருந்தது. கங்காணியின் ஆட்கள் மேல் இவ்வளவு கடன் நிற்கிறது, அதைக் கட்டினால் ஆட்களை விட்டுவிடுகிறோம் என்று துரை எழுதிக் கொடுப்பார். அந்தச் சீட்டோடு ஒரு கூட்டமே தோட்டம் விட்டுத் தோட்டம் மாறும். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, எவ்வளவு கடன் என்று சுமந்தவர்களுக்குத் தெரியாது. வாசிக்கத் தெரிந்தவர் கையில் அவர்கள் வாழ்க்கை இருந்தது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. ஆனால் தனக்கு உரியதை வாசிக்க இன்னொருவர் கையைப் பார்த்து நிற்கும் நிலை ஒழிந்ததா? இன்று சீட்டுக்குப் பதிலாக ஒரு கண்ணாடித் திரை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இன்றைக்கு எது போனுக்குள் இல்லை? 2022இல் எரிபொருள் வாங்க கியூஆர் வந்தது. கொரோனாக் காலத்தில் பிள்ளைகளின் பாடம் வாட்ஸ்அப்பில் வந்தது. போன் இல்லாத வீட்டுப் பிள்ளையும் சிக்னல் தேடி மலை ஏறிய பிள்ளையும் பின்தங்கின. நம் ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்ளுங்கள். நம் சம்பளத்தில் நூற்றுக்கு 8, தொழில் தருபவர் நூற்றுக்கு 12, இதுதான் சட்டம் சொல்லும் குறைந்த அளவு. பணம் ஒழுங்காகக் கணக்கில் விழுகிறதா என்று பதிவு செய்துகொண்டவர்கள் இணையத்திலேயே பார்க்கலாம். மாதாமாதம் பார்க்கும் தொழிலாளியை ஏமாற்றுவது கடினம். ஓய்வு பெறும் நாளில்தான் முதல் தடவை பார்ப்பவருக்கு அழுவதைத் தவிர வழி இருக்காது. ஆகவே இது தொழிற்சங்க வேலைதான் என்று சொல்கிறோம்.

இதை ஓர் ஊர் செய்து காட்டியிருக்கிறது. கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் புல்லம்பாறை என்ற ஊராட்சி. அங்கே நூறுநாள் வேலைத் திட்டத்துப் பெண்கள், கூலி வங்கியில் விழுந்துவிட்டதா என்று பார்க்கவே ஒரு நாள் வேலையை விட்டு வரிசையில் நின்றார்கள். நாம் அரைப் பேரை இழந்து டவுனுக்கு இறங்குவது போலத்தான். 2021இல் ஊராட்சி ஒரு முடிவு எடுத்தது. பயிற்சி பெற்ற தொண்டர்கள் வேலை நடக்கும் இடத்துக்கே போய், ஓய்வு நேரத்தில் அந்தப் பெண்களுக்குப் போனைச் சொல்லிக் கொடுத்தார்கள். 2022இல் ஊரே கற்று முடித்ததாக அறிவிக்கப்பட்டது. பிறகு மாநிலம் முழுவதும் அதையே செய்தார்கள். சுமார் இரண்டரை இலட்சம் தொண்டர்கள், சுமார் 22 இலட்சம் பேருக்குக் கற்றுக் கொடுத்து, 2025 ஆகஸ்டில் முழு டிஜிட்டல் எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். கற்றவர்களில் நூறு வயது தாண்டிய முதியவரும் இருந்தார்.

நம் நாட்டிலும் முயற்சி நடக்காமல் இல்லை. நெனசல நிலையங்களுக்கு 2014இல் பில் கேட்ஸ் அறக்கட்டளையின் சர்வதேச விருதே கிடைத்தது. ஆனாலும் அரசாங்கத்தின் கணினி அறிவுக் கணக்கெடுப்பில் நகரம், கிராமம், தோட்டம் என்று மூன்றாகப் பிரித்தால் கடைசி வரியில் நிற்பது தோட்டம்தான். கணினி அறை டவுனில் இருக்கிறது, நாமோ மலையில் நிற்கிறோம். அறையைத் தேடி ஆள் போக முடியாவிட்டால், ஆளைத் தேடி ஆள் போக வேண்டும். அந்த ஆள் நீங்கள்தான்.

இது விவசாயப் பாடசாலை இருக்கும் ஊர். நாற்று நடுவதைத் தள்ளி நின்று பார்த்தவர் விவசாயி ஆகமாட்டார், கையில் மண் படவேண்டும். போனும் அப்படித்தான். ஆகவே நாங்கள் கேட்பது இவைதான்.

போன் கற்பவர் கையைவிட்டுப் போகக்கூடாது. உங்கள் விரல் திரையைத் தொட்டால் அன்றைய பாடம் வீண். அவர் பத்துத் தடவை தவறாக அழுத்தட்டும், பதினோராவது தடவை வரும். கொழுந்து பறித்துக் காய்த்த விரல், மழையில் ஊறிய விரல், சில நேரம் திரைக்குப் பிடிபடாது. துடைத்துவிட்டு மறுபடி அழுத்தச் சொல்லுங்கள். சிரிக்காதீர்கள். ஒரு தடவை சிரித்தால் அந்த அம்மா மறுபடி வரமாட்டார்.

வங்கி அட்டையின் இரகசிய இலக்கத்தையோ, போனுக்கு வரும் ஓடிபி இலக்கத்தையோ கேட்காதீர்கள், பார்க்காதீர்கள். அவர் அழுத்தும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். “எனக்கும் சொல்லக்கூடாது” என்று நீங்கள் சொல்வதுதான் அவர் கற்கும் முதல் பாதுகாப்புப் பாடம். பரிசு விழுந்திருக்கிறது என்று நாளைக்கு யாராவது போனில் பேசினாலும் அவர் சொல்லமாட்டார்.

கணினி என்றால் என்ன என்று தொடங்காதீர்கள். அவருக்கு எது வேண்டும் என்று கேளுங்கள். குவைத்தில் இருக்கும் மகளின் முகம் பார்க்க வேண்டுமா, அதிலிருந்து தொடங்குங்கள். எழுத்துக் கூட்டச் சிரமப்படுபவருக்கு, தமிழில் பேசினால் எழுத்தாக விழும் வசதி போனில் உண்டு, அதைக் காட்டுங்கள். எந்த அலுவலகத்துக்குப் போவது என்று தெரியாவிட்டால் 1919க்கு எடுத்துத் தமிழில் கேட்கலாம் என்று சொல்லிக் கொடுங்கள்.

அவர்களுடைய நேரத்துக்குப் போங்கள். மாலை நிறுவை முடிந்த பிறகு, பிள்ளைக்காம்பரா வாசலில், கோயில் திண்ணையில். வீட்டில் ஒரே போன், அதுவும் ஆண்கள் கையில் என்றால், வீட்டுக்காரரோடும் பேசுங்கள். தன் நம்பரைத் தானே சொல்லத் தெரியாத பெண் ஒருவரும் நம் லயங்களில் இருக்கக்கூடாது. முதல் பாடம் அந்தப் பத்து இலக்கங்களாகவே இருக்கட்டும்.

தோட்ட நிர்வாகங்களிடமும் அரசாங்கத்திடமும் சங்கம் கேட்பது மூன்று. தோட்டத்துக்கு ஓர் அறையும் இணைய இணைப்பும். வழிகாட்டிகள் பயிற்சிக்கு வரும் நாளுக்கு முழுப் பேர். நாம் நிரப்ப வேண்டிய விண்ணப்பங்கள் எல்லாம் பிழையில்லாத தமிழில். இது தயவு கேட்பது அல்ல. 2023இல் மலையகம் இருநூறு ஆண்டை நினைவுகூர்ந்தோம். இருநூறு வருடம் உழைத்தவர்களின் கணக்கில் இது சின்னத் தொகை.

நீங்கள் ஒவ்வொருவரும் மூன்று மாதத்தில் ஐந்து பேருக்குக் கற்றுக் கொடுங்கள். எத்தனை வகுப்பு வைத்தீர்கள் என்று கேட்கமாட்டோம். அந்த ஐந்து பேரில் எத்தனை பேர் உங்களைக் கூப்பிடாமல் தங்கள் சேமலாப நிதியைப் பார்த்தார்கள் என்றுதான் கேட்போம்.

அந்த அம்மா இப்போது எங்களிடம் கற்கிறார். போன வாரம் புதிய படிவம் ஒன்றை அவரே நிரப்பினார். நம்பர் கேட்கும் இடம் வந்ததும் நின்று, பத்து இலக்கத்தையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி அழுத்தினார். முக்கால் மணி நேரம் ஆனது. நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். இந்த வேலையில் கடினமானது அப்படிச் சும்மா உட்கார்ந்திருப்பதுதான். அதைப் பழகிக்கொண்டு லயத்துக்குப் போங்கள்.